மேற்கு ஆபிரிக்கக் கோழிக்கறியும் தீவகத்துக் குசினியும்



யாழ்ப்பாணத்துத் தீவுகளிலே சமையலறையைக் 'குசினி' என்று சொல்லும் வழக்கு உண்டு. அடுக்களை என்னும் நல்ல தமிழ்ச்சொல் இருக்கவும், போர்த்துக்கேயரின் சொல்லொன்று நம் வீட்டின் உள்ளறைவரை வந்து குடியேறிவிட்டது. காலையில் நாம் உண்ணும் பாண், பாத்திரங்களை அடுக்கி வைக்கும் அலுமாரி, இவையும் அம்மொழி தந்த சொற்களே. கோட்டை கட்டியவர்கள் போய்விட்டார்கள். ஊர்காவற்றுறையில் அவர்கள் கட்டிய கோட்டையும் பாழடைந்து கிடக்கிறது. அவர்களுடைய சொல்லோ மூன்று வேளையும் நம் வாயிலே புழங்குகிறது. அரசர்களின் வரலாற்றைக் கல்வெட்டிலும் ஏட்டிலும் தேடுகின்றோம். மக்களின் வரலாற்றை அறிய விரும்புவோர் குசினிக்குள்ளே புகுந்து, அடுப்பிலிருக்கும் சட்டியின் மூடியையும் சற்றே திறந்து பார்த்தல் வேண்டும்.

அவ்வாறு திறந்து பார்ப்பதற்கு இன்று நான் எடுத்துக்கொண்டது மேற்கு ஆபிரிக்க மக்கள் ஆக்கியுண்ணும் கோழிக்கறியாகும். நம் ஊர்க் கறியை விட்டு அத்துணைத் தொலைவுக்குப் போவானேன் என்று சிலர் கேட்கலாம். நாள்தோறும் காணும் பொருளின் வரலாறு நம் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. அயலார் சட்டியொன்றை ஆராய்ந்து, அதன்பின் நம் சட்டியை நோக்கினால், இரண்டும் ஒரே கடல்வழியிலே நிரம்பியவை என்பது விளங்கும்.

செனெகல், காம்பியா, மாலி ஆகிய நாடுகளிலே இக்கறியை 'மாஃபே' என்பர். கானாவிலும் நைஜீரியாவிலும் இதற்கு உறவான குழம்புகள் வேறு பெயர்களில் வழங்குகின்றன. கோழியிறைச்சியை எண்ணெயிலே வதக்கி, வெங்காயம், தக்காளி, மிளகாய் ஆகியவற்றோடு வேகவிட்டு, வறுத்தரைத்த நிலக்கடலை விழுதினால் தடிப்பாக்குவது இதன் முறை. இதனைச் சோற்றோடும் உண்பர். கம்பு முதலிய தானியங்களாற் செய்த உணவோடும் உண்பர். மரவள்ளிக்கிழங்கையோ வாழைக்காயையோ அவித்து உரலிலிட்டு இடித்துத் திரட்டிய 'ஃபூஃபூ' என்னும் உருண்டையோடும் உண்பர். ஒரு பெரிய தட்டினைச் சுற்றி வீட்டார் எல்லோரும் அமர்ந்து, அவரவர் முன்னுள்ள பக்கத்திலே கையிட்டு உண்பது செனெகல் நாட்டு வழக்கம். உரல், உலக்கை, கையால் உண்ணுதல், கூடியிருந்து உண்ணுதல், இவற்றில் எது நமக்குப் புதியது?

இக்கறியை நம் வீட்டிலே ஆக்க விரும்பும் இல்லத்தரசியார் கடல் கடந்து ஒரு பொருளும் தருவிக்க வேண்டியதில்லை. ஊர்க்கோழி ஒரு கிலோ எடுத்து, துண்டங்களாக வெட்டி, உப்பும் இடித்த இஞ்சியும் உள்ளியும் பிரட்டி வைத்துக்கொள்ளலாம். கச்சான் பருப்பு 200 கிராம் அளவை இளவறுவலாக வறுத்து, தோல் புடைத்து, அம்மியிலே எண்ணெய் கசியும்வரை அரைத்தெடுக்க வேண்டும். தாச்சியில் எண்ணெய் விட்டு இறைச்சியைச் சிவக்க வதக்கி வேறாக வைத்து, அதே எண்ணெயில் ஒரு கைப்பிடி வெங்காயத்தையும், பின்னர் நான்கைந்து பழுத்த தக்காளியையும், காரத்துக்கு ஏற்பச் செத்தல் மிளகாயையும் இட்டு, தக்காளி கரைந்து எண்ணெய் பிரியும்வரை வதக்குதல் வேண்டும். இறைச்சியைத் திரும்ப இட்டு, மூன்று கோப்பை நீர் விட்டு மூடி வேகவிடலாம். ஊர்க்கோழி முற்றலாயிருந்தால் நேரம் கூடுதலாகும். இறைச்சி முக்காற்பதமாக வெந்ததும் கச்சான் விழுதை இளஞ்சூட்டு நீரிற் கரைத்து ஊற்றி, வத்தாளங்கிழங்குத் துண்டங்களையும் சேர்த்து, நெருப்பைக் குறைத்துவிட வேண்டும். கச்சான் அடிப்பிடிக்கும் தன்மையுடையது. ஆதலால் அகப்பை ஓயலாகாது. அரைமணி நேரத்தில் குழம்பு தடித்து, எண்ணெய் மேலே மிதக்கும். அதுவே இறக்கும் பதம். தேங்காய்ப்பாலும் வேண்டாம், கறித்தூளும் வேண்டாம். சைவ உணவினர் கோழிக்குப் பதிலாகக் கத்தரிக்காய், பூசணி, கிழங்கு வகைகளை இட்டுக்கொள்ளலாம். மரக்கறியால் ஆக்குவதும் அந்நாடுகளில் உள்ளதே.

இனி, இச்சட்டியிலுள்ள பொருள்களை ஒவ்வொன்றாக வரலாற்றின் முன் நிறுத்துவோம்.

முதலிலே மிளகாய். இது தென் அமெரிக்கா, மெக்சிக்கோ ஆகிய நிலங்களின் செடி. கொலம்பஸ் 1492ஆம் ஆண்டு அட்லாண்டிக் கடலைக் கடக்கும்வரை, யாழ்ப்பாணத்தில் மட்டுமன்று, ஆசியா ஆபிரிக்கா என்னும் இரு கண்டங்களிலும் எவருமே மிளகாயைச் சுவைத்ததில்லை. சங்க காலத்துத் தமிழரும், யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகளும் உண்ட கறிகளில் உறைப்பைத் தந்தது மிளகு. புதிய காய் வந்தபோது அதற்குப் புதுப்பெயர் தேடாமல், மிளகுபோல் உறைப்பதாகிய காய் என்று மிளகாய் எனப் பெயரிட்டனர் நம் முன்னோர். நம் நாட்டின் சில பகுதிகளில் கொச்சிக்காய் என்றும் சொல்வர். அப்பெயர் போர்த்துக்கேயர் வாணிகம் நடத்திய கொச்சித் துறைமுகத்தை நினைவூட்டுகிறது.

மேற்கு ஆபிரிக்காவிலும் நிகழ்ந்தது இதுவே. அங்கும் மிளகாய்க்கு முன்பே உறைப்பு இருந்தது. இஞ்சியினத்தைச் சேர்ந்த ஒரு செடியின் விதையை அவர்கள் இடித்துக் கறியிலிட்டனர். ஐரோப்பியர் அதனைப் பெரிதும் விரும்பி வாங்கினமையால், இன்றைய லைபீரியா நாட்டுக் கடற்கரைக்கு மிளகுக்கரை என்னும் பெயரே ஏற்பட்டது. பின்னர் மிளகாய் வந்தது. இன்றும் கானா, நைஜீரியா நாட்டார் ஆங்கிலம் பேசுமிடத்து மிளகாயைப் 'பெப்பர்', அதாவது மிளகு என்றே சொல்கின்றனர். ஒருவரையொருவர் அறியாத இரு மக்கள் ஒரே விருந்தாளிக்கு ஒரே முறையிற் பெயர் சூட்டியுள்ளனர். பழையதொன்றின் இடத்திலேதான் புதியதொன்று வந்து அமர்கிறது.

அடுத்து, நிலக்கடலை. இதுவும் தென் அமெரிக்கப் பயிர். 16ஆம் நூற்றாண்டிலே போர்த்துக்கேயக் கப்பல்கள் இதனை மேற்கு ஆபிரிக்காவுக்குக் கொண்டு சென்றன. மண்ணுக்குள்ளே காய்க்கும் வேறொரு பயறு அங்கே முன்பே பயிரிடப்பட்டு வந்தது. ஆகவே அம்மண்ணின் உழவர்கள் புதிய கடலையைக் கண்டதும் அதன் இயல்பை அறிந்துகொண்டனர். 1830களின் பின்னர் அது காம்பியாவிலும் செனெகலிலும் ஏற்றுமதிப் பயிராகப் பெருகி, ஐரோப்பியச் சவர்க்காரத் தொழிற்சாலைகளுக்கு எண்ணெய் தந்தது. நாம் இதனைக் கச்சான் என்கிறோம். மேற்கிலிருந்து வீசும் காற்றுக்கும் கச்சான் என்பதே பெயர். மலாய் மொழியிலோ பயற்றினத்தைக் 'காச்சாங்' என்பர். பெயர் எவ்வழி வந்ததாயினும் ஆகுக. நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலின் ஆனித் திருவிழாவுக்குப் போய் வருபவர் கையிலே கச்சான் பொட்டலம் இல்லாவிடின், வீட்டிலுள்ள பிள்ளைகள் திருவிழா நடந்ததென்றே ஒப்புக்கொள்ளார். அந்த அளவுக்கு அது நம்முடையதாகிவிட்டது.

தக்காளியும், மரவள்ளியும், வத்தாளங்கிழங்கும் அமெரிக்காவில் தோன்றியவையே. ஆகவே மேற்கு ஆபிரிக்கக் கோழிக்கறி என்று நாம் பெயரிட்டழைக்கும் உணவிலே பெரும்பாலானவை ஆபிரிக்காவிற் பிறந்தவையல்ல. கோழியே தென்கிழக்கு ஆசியக் காட்டுக்கோழியின் வழிவந்தது. அது நம் திசையிலிருந்து மேற்கே சென்ற பறவை. அவ்வாறாயின், யாழ்ப்பாணத்துக் கோழிக்கறி என்று நாம் பெருமை பேசும் உணவிலிருந்து மிளகாயை நீக்கிவிட்டால், அதனை நம் பிள்ளைகள் அடையாளம் காண்பார்களா?

இப்பொருள்களைச் சுமந்த வழியை இனிக் காண்போம். போர்த்துக்கேயர் மேற்கு ஆபிரிக்காவின் கானாக் கரையிலே 1482ஆம் ஆண்டு எல்மினா என்னும் கோட்டையை எழுப்பினர். 1498இல் வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டையை அடைந்தார். 1500ஆம் ஆண்டு மார்ச் மாதம் லிஸ்பனிலிருந்து 13 கப்பல்களோடு புறப்பட்ட கப்ரால், ஏப்ரலிலே பிரேசில் கரையைத் தொட்டு, ஆபிரிக்காவைச் சுற்றி, செப்டெம்பரிலே கள்ளிக்கோட்டைக்கு வந்து சேர்ந்தார். அமெரிக்கா, ஆபிரிக்கா, இந்தியா என்னும் மூன்று கரைகளும் ஒரே பயணத்தில் ஒரே நூலிலே கோக்கப்பட்டன. 1505இல் போர்த்துக்கேயர் இலங்கைக்கு வந்தனர். 1619ஆம் ஆண்டு சங்கிலி குமாரனைச் சிறைப்பிடித்து யாழ்ப்பாண அரசை முடித்தனர்.

எல்மினாவின் வரலாற்றையும் யாழ்ப்பாணத்தின் வரலாற்றையும் அருகருகே வைத்துப் பார்த்தல் தகும். எல்மினாவைப் போர்த்துக்கேயரிடமிருந்து 1637இல் ஒல்லாந்தரின் மேற்கிந்தியக் கம்பனி கைப்பற்றியது. யாழ்ப்பாணத்தை 1658இல் அவர்களுடைய கிழக்கிந்தியக் கம்பனி கைப்பற்றியது. ஆங்கிலேயர் கைக்கு யாழ்ப்பாணம் வந்தது 1795இல். எல்மினா வந்தது 1872இல். இலங்கை 1948இலும் கானா 1957இலும் சுதந்திரம் பெற்றன. மூன்று எசமானர்களும் அதே வரிசையில் இரு கரைகளுக்கும் வந்து போயினர்.

நம் தீவுகளும் இவ்வழியிலே துறைகளாயிருந்தன. ஊர்காவற்றுறையை ஆங்கிலத்திற் 'கயிட்ஸ்' என்பது, யானைத்துறை என்று பொருள்படும் போர்த்துக்கேயத் தொடரிலிருந்து வந்ததென்பர். வன்னி யானைகள் அங்கிருந்தே கப்பலேறின. அத்துறைக்கும் காரைநகருக்கும் இடையே கடல்நடுவே நிற்கும் கோட்டைக்கு ஒல்லாந்தர் 'ஹமன்ஹீல்' என்று பெயரிட்டனர். உப்பிட்ட பன்றித்தொடையின் குதிப்பகுதி என்பது அதன் பொருள். இலங்கையின் வடிவம் அவர்கள் கண்ணுக்குப் பன்றித்தொடைபோல் தோன்றிற்றாம்! பசித்தவன் பார்வையில் நாடும் உணவாகத் தோன்றும்போலும். தீவுகளுக்கெல்லாம் தம் நாட்டு நகரங்களின் பெயரை அவர்கள் சூட்டினர். வேலணைக்கு லெய்டன் என்றும், காரைநகருக்கு அம்ஸ்டர்டாம் என்றும் இட்ட பெயர்கள் மறைந்தன. நெடுந்தீவுக்கு இட்ட 'டெல்ப்ட்' என்பது மட்டுமே நிலைத்தது.

கடல்வழி என்பது ஒரு திசைக்கு மட்டும் உரியதன்று. போர்த்துக்கேயர் வருவதற்குப் பன்னூறாண்டுகளுக்கு முன்பே ஆபிரிக்கா நமக்கு உணவளித்திருக்கிறது. நம் பாட்டிமார் பிட்டவித்த குரக்கன் கிழக்கு ஆபிரிக்க மலைநாடுகளிலே பயிராக்கப்பட்ட தானியம். கம்பு மேற்கு ஆபிரிக்காவின் சகாரா ஓரத்திலே முதன்முதல் பயிரிடப்பட்டது. பயற்றங்காயின் மூலமாகிய பயறும் ஆபிரிக்காவினதே. புளியமரத்தின் தாயகமும் ஆபிரிக்கா என்பர் தாவரநூலார். நம் ஒடியற் கூழை எண்ணிப் பாருங்கள். ஒடியல் மாவும், கடலில் பிடித்த மீனும் நண்டும் நம்முடையவை. செத்தல் மிளகாயும் மரவள்ளியும் அமெரிக்கா தந்தவை. பயற்றங்காயும் பழப்புளியும் ஆபிரிக்கா தந்தவை. பனையோலைப் பிளாவிலே ஊற்றிக் குடிக்கும் ஒரு வாய்க் கூழுக்குள் மூன்று கண்டங்கள் கலந்திருக்கின்றன.

பனையிலும் நமக்கு அங்கே உறவினர் உண்டு. நம் பனையின் உடன்பிறப்பென்று சொல்லத்தக்க ஆபிரிக்கப் பனை மேற்கு ஆபிரிக்கப் புல்வெளிகளெங்கும் ஓங்கி நிற்கிறது. அம்மக்களும் அதன் ஓலையாற் பெட்டியும் பாயும் இழைப்பர், கள் இறக்குவர், விதையைப் புதைத்து முளைக்கவிட்டுக் கிழங்கை அகழ்ந்து உண்பர். நம் கரைகளிலிருந்து அங்கே சென்றவையும் உள. வாழை ஆசியாவிலிருந்து ஆபிரிக்காவுக்குச் சென்றது. மேற்கு ஆபிரிக்கக் கரையிலுள்ள தென்னை, இந்துமாக்கடற் பக்கத்திலிருந்து 16ஆம் நூற்றாண்டளவில் போர்த்துக்கேயராற் கொண்டுசெல்லப்பட்டதாகும்.

குறிகாட்டுவான் துறையிலே படகேறி நெடுந்தீவுக்குச் செல்பவர்கள் அங்குள்ள பெருக்கமரத்தைக் கண்டு வியவாமல் திரும்புவதில்லை. பலர் கைகோத்து நின்றாலன்றிச் சுற்றி அணைக்கவியலாத அடிமரம், உள்ளே பொந்து. மன்னாரிலும் இவ்வினம் உண்டு. ஆபிரிக்காவே இதன் தாயகம். அராபிய வணிகர் கொண்டுவந்து நட்டனர் என்பது வழிவழிக் கூற்று. நாம் அதனை வியந்து பார்க்கும் மரமாகவே வைத்திருக்கின்றோம். செனெகல் நாட்டிலோ அதன் இலையை உலர்த்தி இடித்துக் 'லாலோ' என்னும் தூளாக்கி, உணவைக் குழைவாக்கச் சேர்ப்பர். நமக்குக் காட்சிப்பொருளாக நிற்பது அவர்களுக்குக் கீரையாகிறது.

இவ்வளவும் கேட்டபின், கடல்வழி என்பது இனிய கொடுக்கல் வாங்கல் மட்டுமே என்று நேயர்கள் எண்ணிவிடலாகாது. எல்மினாக் கோட்டையின் நிலவறைகளிலே மனிதர் பூட்டி வைக்கப்பட்டனர். ஆபிரிக்கக் கரைகளிலிருந்து அட்லாண்டிக் கடலின்மேல் அடிமைகளாக ஏற்றப்பட்டோர் ஏறத்தாழ 1 கோடியே 25 இலட்சம் பேர் என்று வரலாற்றறிஞர் கணக்கிடுகின்றனர். மரவள்ளி மாவும், பயறும், மிளகும் அக்கப்பல்களிலே அவர்களை உயிரோடு வைத்திருப்பதற்கான உணவாயின. அடிமைகளாய்ப் போனவர்கள் அமெரிக்கத் தோட்டங்களிலே தம் சிறு பாத்திகளில் நிலக்கடலை நட்டனர். அதற்கு அமெரிக்க ஆங்கிலத்தில் வழங்கும் 'கூபர்' என்னும் பெயர் கொங்கோ நாட்டு மொழியிலிருந்து வந்தது. பெயரையும் சமையலையும் தவிர வேறெதையும் அவர்கள் கொண்டுசெல்ல முடியவில்லை. இலங்கைக்கும் ஐரோப்பியர் ஆபிரிக்கரைப் படைவீரராகவும் அடிமைகளாகவும் கொணர்ந்தனர். அவர்கள் வழிவந்தோர் புத்தளத்துக்கு அண்மையிலுள்ள சிறாம்பியடியிலே இன்றும் வாழ்கின்றனர்.

அயலார் செய்த கொடுமையை எண்ணிப் பெருமூச்செறிவது எளிது. நம் சட்டியையும் நாம் அதே நேர்மையோடு திறந்து பார்த்தல் வேண்டும். ஒல்லாந்தர் ஆட்சியிலே 1707ஆம் ஆண்டு தொகுக்கப்பட்ட தேசவழமையில், காணி, சீதனம் ஆகியவற்றோடு அடிமைகளைப் பற்றியும் ஒரு பகுதி உண்டு. பிரித்தானியப் பாராளுமன்றம் 1833இல் அடிமை ஒழிப்புச் சட்டம் இயற்றியபோது, அச்சட்டத்தின் எல்லைக்குப் புறத்தே விடப்பட்ட நாடுகளில் இலங்கையும் ஒன்று. இங்கு அடிமைமுறை சட்டத்தால் ஒழிந்தது 1844ஆம் ஆண்டிலேயாகும். சட்டம் ஒழிந்த பின்னும் வழக்கம் உடனே ஒழியவில்லை என்பதை முதியோர் அறிவர். பனையேறியவர் யார், நெல்லிடித்தவர் யார், முற்றத்துக்கு வெளியே நின்று உணவு பெற்றவர் யார் என்பதெல்லாம் எந்தச் சமையல் நூலிலும் எழுதப்படவில்லை. யாழ்ப்பாணத்து உணவின் பெருமையைப் பேசுகின்ற நாம், அப்பெருமையைத் தம் தோளிற் சுமந்த கைகளையும் பேசக் கடமைப்பட்டுள்ளோம்.

இன்று தீவகத்து மக்கள் உலகெங்கும் பரந்து வாழ்கின்றனர். வணிகத்தின் பொருட்டுக் கொழும்புக்கும் தென்னிலங்கை நகரங்களுக்கும் சென்றது ஒரு காலம். 1990ஆம் ஆண்டு போர் தீவுகளைத் தொட்டபோது பெருந்தொகையான குடும்பங்கள் வீடு வாசல் விட்டுப் பெயர்ந்தன. கனடாவிலும் ஐரோப்பாவிலும் குடியேறியோர் பலர். பாரிஸ் மாநகரின் வடபகுதியிலே லா ஷாப்பல் என்னும் வட்டாரத்தில் தமிழர் கடைகள் வரிசையாக உள்ளன. அங்கிருந்து சிறிது தூரம் நடந்தால் ஷாத்தோ ரூஜ் என்னும் இடம். அது மேற்கு ஆபிரிக்க மக்களின் சந்தை. இரு கடைத்தெருக்களிலும் மரவள்ளிக்கிழங்கு குவிந்திருக்கும்; வாழைக்காய் தொங்கும்; மிளகாய் சிவந்திருக்கும். ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் கப்பல்கள் பிரித்துக் கொண்டுபோன பொருள்கள், அவற்றால் வாழ்ந்த இரு மக்களோடும் ஒரு நகரத்தின் தெருக்களிலே மறுபடி சந்திக்கின்றன. புலம்பெயர்ந்த பிள்ளையொருவன் தன் ஆபிரிக்கத் தோழன் வீட்டிலே மாஃபே உண்டு வந்து, அதன் சுவையைத் தாயிடம் சொல்வானாயின், அத்தாய் வேற்றுணவென்று முகஞ்சுளிக்கக் காரணம் எதுவுமில்லை. தன் குசினியிலுள்ளவற்றைக் கொண்டே அவள் அதனை ஆக்கிவிடலாம்.

'நம்முடையது' என்னும் சொல்லுக்குப் பொருள் என்ன என்பதே இவ்வுரையின் முடிவிலே எஞ்சும் வினா. ஒரு பொருள் நம் மண்ணிலே தோன்றியதனால் மட்டும் நம்முடையதாவதில்லை. தலைமுறை தலைமுறையாக அதனை விதைத்து, அரைத்து, பதம் பார்த்து, பிள்ளைக்கு ஊட்டிய உழைப்பே அதனை நம்முடையதாக்குகின்றது. மிளகாய் அவ்வாறே நம்முடையதாயிற்று. கச்சான் அவ்வாறே செனெகல் மக்களுடையதாயிற்று. இதனை உணர்ந்தவர் தம் உணவைப் பற்றிப் பெருமை கொள்வர். பிறர் உணவை இகழார்.

பாடசாலைகளிலே வரலாறு கற்பிக்கும் நண்பர்களுக்கு ஒரு சிறு பயிற்சியைச் சொல்லி நிறைவு செய்கிறேன். மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டில் அன்று ஆக்கிய கறியிலுள்ள பொருள்களைத் தாயிடமோ பாட்டியிடமோ கேட்டு எழுதிவரட்டும். உலகப் படத்தை விரித்து, ஒவ்வொரு பொருளுக்கும் ஒவ்வொரு புள்ளி இடட்டும். புள்ளிகளை யாழ்ப்பாணத்தோடு கோடிட்டு இணைக்கட்டும். அதன்பின், இக்கோடுகளின் வழியே இவற்றைச் சுமந்து வந்தவர்கள் யார் என்று கேளுங்கள். அவ்வினாவுக்கு விடை தேடும் வகுப்பிலே வரலாறு தானாகவே தொடங்கிவிடும்.